பாலத்தடி முதலாளிக்கு நான் வாடிக்கையாளனான விவரம்

சபைக்குப் போதகரும், சபையின் மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரும், அதற்கெல்லாம் முன்னாலேயே என் வீட்டுக்காரிக்கு மூத்த அண்ணனுமாகிய மச்சான் அவர்களுக்கு, இரும்புக் கடைக்காரன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

பதினேழு நாள் நான் என் சொந்த மகளிடம் முன்பின் தெரியாத ஆளாக நடித்து, அவள் விளையாடும் ஆன்லைன் விளையாட்டுக்குள் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பிடிபட்டேன். அன்றிலிருந்து அவள் விளையாடுவதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

மற்றபடி இங்கே மூவரும் உடம்புக்குச் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி, அக்காவின் ரத்தக் கொதிப்பு, சபைக் கட்டடத்தின் கூரை ஒழுக்கு எல்லாம் கர்த்தருடைய கிருபையால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கூரைக்கு நான் அனுப்பிய தகரம் பத்தாவிட்டால் எழுதவும். தயவுசெய்து போன தடவை மாதிரி தகரத்தை என்னிடம் வாங்கிவிட்டு ஆணியை வேறு கடையில் வாங்காதீர்கள். ஒழுகுவது தகரம் இல்லை, அந்த ஆணி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் போட்டு, "அண்ணே, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டுட்டார், புள்ள விளையாட்டை விட்டுட்டா" என்று அழுதுகொண்டே சொல்ல, நீங்களும் உடனே என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, அடுத்த மாசப் பத்திரிகைக்கு ரெண்டு பக்கம் சாட்சி எழுதி அனுப்புங்க, ஆன்லைன் விளையாட்டிலிருந்து பிள்ளையை மீட்ட தகப்பன்னு தலைப்புப் போட்டுருவோம்" என்றீர்கள். சரி மச்சான் என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொன்னதே தப்பு. சாட்சி இந்தக் கடிதத்தோடு இல்லை. ஏன் இல்லை என்பதைப் போனில் சொன்னால் உங்கள் தங்கச்சி சமையலறையிலிருந்தே திருத்தம் போடுவாள் என்பதால், கடை மேஜையில் உட்கார்ந்து கையாலேயே எழுதுகிறேன்.

உங்கள் மருமகளுக்குப் பதின்மூன்று நடக்கிறது. அவள் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, வழியிலுள்ள போர்டுகளையெல்லாம் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு கடைக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வருவாள். "இவங்க மூணு மாசத்துல மூடிருவாங்கப்பா, உள்ளே வெளிச்சமே இல்ல." மூடிவிடுவார்கள். "வாயை மூடிட்டு வாம்மா, வண்டி ஓட்டணும்" என்று நான் சொல்வேன். ஒரு நாள் உண்மையாகவே மூடிவிட்டாள். எந்த நாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடையில் எந்த ஆணிப் பெட்டி என்றைக்கு வந்தது என்று கேளுங்கள், தேதியோடு சொல்வேன்.

அதற்குப் பிறகு டேப்லெட். பாடத்துக்கென்று நானே வாங்கிக் கொடுத்தது. நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை மாடிப்படியில், ஒரு செருப்பு வாசலில், இன்னொரு செருப்பு எங்கேயோ, பிள்ளை கட்டில் மூலையில். சாப்பிடும்போதும் வலது கையில் சாப்பாடு, இடது கையில் ராஜ்யம். வேலை நாளில் ஐந்து மணி நேரம், விடுமுறை நாளில் ஒன்பது. அறிவியலில் தொண்ணூற்றொன்று வாங்கியவள் ஐம்பத்துநாலு வாங்கினாள். பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். கேட்டால், "பிடிக்கல." உங்கள் தங்கச்சி மூன்று நாள் டேப்லெட்டைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அந்த மூன்று நாளும் பிள்ளை அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பயந்துபோய் நாங்களே திறந்துவிட்டோம்.

அப்போதுதான் நீங்கள் ஆலோசனை சொன்னீர்கள். "மாப்பிள்ளை, அதட்டாதீங்க. வசனத்தால மனசை நிரப்புங்க, வேண்டாதது தானா வெளியே போகும்." நல்ல ஆலோசனை. அதை நடைமுறைப்படுத்தியது வியாபாரி. ஒரு வசனம் மனப்பாடமாகச் சொன்னால் பத்து நிமிஷம் விளையாடலாம் என்று ரேட் போட்டேன். மறுநாள் சாயங்காலமே ஆறு வசனம் சொன்னாள். ஆறும் சேர்த்து அரை நிமிஷம் ஆகவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு சொல், மூன்று சொல். தேடிப் பிடித்திருக்கிறாள். ஒரு மணி நேரம் போயிற்று. உருப்படிக்கு விலை வைத்தது என் முட்டாள்தனம், எடைக்கு வைத்திருக்க வேண்டும் என்று, சொல்லுக்கு அரை நிமிஷம் என்று மாற்றினேன். இரண்டு நாள் அமைதியாக இருந்தாள். மூன்றாம் நாள் வந்து நின்று, யார் யாரைப் பெற்றார், அவர் யாரைப் பெற்றார் என்று ஒரு வம்ச வரலாற்று அதிகாரத்தை முழுசாக மூச்சு விடாமல் சொன்னாள். உங்கள் தங்கச்சி எண்ணினாள். இரண்டு மணி நாற்பது நிமிஷம். "எங்க வம்சத்துல இப்படி ஒருத்தியா" என்று உங்கள் தங்கச்சி தலையில் கை வைத்தாள். எந்த வம்சம் என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என் கடைக்கு எதிரே போன் ரிப்பேர் பார்ப்பவர் என் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். "சார், உள்ளே போக ஒரு பேர் வேணும். வேற யாரும் எடுக்காததா இருக்கணும்" என்று சொல்லி அவரே வைத்தார்: சிங்கக்குட்டி 58. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வாதாடாமல் உள்ளே போனேன்.

உள்ளே ஒரு ஆறு. ஆற்றின் மேல் பாலம். அக்கரையில் காடு, இக்கரையில் ஊர், நடுவில் பெரிய சந்தை. காட்டில் மரமும் கல்லும் சேர்த்துச் சுமந்து வந்து வீடு கட்ட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. எல்லாரும் சந்தையில் கடை போட்டிருக்கிறார்கள். உங்கள் மருமகள் மட்டும் பாலத்தின் அடியிலேயே போட்டிருக்கிறாள். அவள் பெயர் அங்கே "பாலத்தடி முதலாளி". ஏன் அங்கே என்று எனக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. சுமையோடு பாலம் ஏறி இறங்குகிறவன் களைத்துப்போயிருப்பான். இன்னும் அரை நாள் நடந்து சந்தைக்குப் போவதைவிட, கிடைத்த விலைக்கு அங்கேயே கொடுத்துவிடுவான். மச்சான், நான் கையில் ஒரு பை போல்ட்டோடு தெருத்தெருவாக அலைந்து, ஏழு வருஷம் கழித்து லாரிகள் நிற்கும் இடத்தின் வாசலில் கடை பிடித்தது இதே கணக்கில்தான். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சொல்லிக்கொடுக்க எங்கே பேசினோம்?

கோடாலி வேண்டும் என்று கேட்டேன். அங்கே எல்லாம் எழுத்தில்தான் பேச்சு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறார்கள், அதை எழுத்துக் கூட்டவே எனக்கு ஒரு நாள் பிடித்தது.

"கோடாலி பன்னெண்டு கட்டு மரம்."

"எட்டு."

"சந்தையில ஒன்பதுக்குக் கிடைக்கும் அண்ணே. அரை நாள் நடக்கணும். வழியில ஓநாய் இருக்கு. உங்க இஷ்டம்."

பன்னிரண்டு கொடுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் கேட்ட விலையை அப்படியே கொடுத்தது அதுதான் முதல் தடவை. கொடுத்ததும், "முதல் போணி நீங்க, ஒரு கயிறு இனாம்" என்றாள். கடையில் பைப் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், சரக்கு வாங்க வந்தவர் எதிரே நின்று, "என்ன முதலாளி, தனியா சிரிக்கிறீங்க?" என்றார். நான் முதலாளி இல்லை, முதலாளி பாலத்தடியில் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

அதோடு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆன்லைனில் தெரியாத ஆளோடு பேசாதே, பேசாதே என்று அந்தப் பிள்ளைக்கு நூறு தடவை சொன்னவன் நான். தினம் நாலரை ஆனதும் அந்தத் தெரியாத ஆளாக நானே போய் நின்றேன். "அண்ணே வாங்க, இன்னிக்கு ஆணி வந்திருக்கு" என்பாள். பதின்மூன்று வருஷமாக அப்பா என்று கூப்பிட்ட பிள்ளை அண்ணே என்று கூப்பிட்டாலும், வாங்க என்று சொல்கிறாளே. வீட்டில் நான் நுழைந்தால் கதவு சாத்தும் சத்தம்தான் வரவேற்பு.

"அண்ணே, நீங்க என்ன வேலை?" என்று ஒரு நாள் கேட்டாள். இரும்புக் கடை என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று, வாய்க்கு வந்தபடி பல் டாக்டர் என்றேன். வினை அங்கே பிடித்தது. "அப்படியா! எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லு பத்து நாளா வலிக்குது அண்ணே. என்ன பண்ணலாம்?" பத்து நாள், மச்சான். ஒரே வீடு, ஒரே மேஜை, பத்து நாள் அவள் ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறாள். "உடனே உங்கப்பாகிட்ட சொல்லும்மா" என்று அடித்தேன். "எங்கப்பாவா? அவர் வந்ததும் ஹோம்வொர்க் முடிச்சியா, ஜெபம் பண்ணினியா, போனை வைன்னு வரிசையாச் சொல்வார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள குளிக்கப் போயிடுவார்."

மறுநாள் கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், "முகமே சரியில்லையே, பல்லு வலிக்குதா?" என்று நடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பல்லை அடைத்துக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் பாலத்தடியில் அவள் எழுதினது என் போனில் வந்து நின்றது: "அண்ணே! நீங்க சொன்னீங்கல்ல, நான் சொல்லவே இல்ல, எங்கப்பா தானாவே கண்டுபிடிச்சுட்டார்! மூஞ்சியைப் பார்த்தே!" அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி அவள் யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக் கேட்டு எத்தனை வருஷம். அந்தப் பெருமையும் நான் ஏமாற்றி வாங்கினது.

சொல்லிவிடலாம் என்று தினம் நினைப்பேன். சொன்னால் அந்த அண்ணன் அன்றைக்கே செத்தான், அவன் போனால் அவள் பேசுவதற்கு ஆள் யார்? சொல்லாவிட்டால் குடும்ப ஜெபத்தில் வசனம் வாசிக்கிற தகப்பன் பொய்யன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் கோடாலியாக வாங்கிக் குவித்தேன். என்னிடம் இப்போது பதினாலு கோடாலி இருக்கிறது.

பதினைந்தாம் நாள் பேச்சுவாக்கில், "நீ பாடுவியா?" என்று கேட்டேன். பிறகு எழுதினாள். இங்கே எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்துகிற பெண் எல்லார் முன்னாலும், "உன் குரல் தனியாக் கேக்குது, நீ சத்தம் போடாம வாயை மட்டும் அசை" என்று சொன்னாளாம். இரண்டு மாசம் அப்படியே நின்று வாயை மட்டும் அசைத்திருக்கிறாள். நானும் உங்கள் தங்கச்சியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நம் பிள்ளை எவ்வளவு அழகாகப் பாடுகிறது என்று பூரித்துப்போயிருக்கிறோம். பிறகு ஒரு நாள் அவள் போகவில்லை. நாங்கள் விளையாட்டைத் திட்டினோம். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே, உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்று முடித்திருந்தாள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். உங்கள் தங்கச்சி கண்ணை மூடி, "இந்தப் பிள்ளை திரும்பவும் பாடகர் குழுவுக்குப் போய் உம்மைத் துதிக்கணும் ஆண்டவரே" என்று தொடங்கி அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் இருமினேன். ஆமென் சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தும் விடவில்லை. "ஏண்டி, எவ்வளவு நல்லாப் பாடின! அந்த எழவெடுத்த விளையாட்டுக்காக அதை விட்டியே!" பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை மச்சான். என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்: "வாயை மட்டும் அசைன்னு சொன்னா அந்தப் பிள்ளை எப்படிடீ போகும்?"

பிள்ளை மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை, முதலில் கணக்குப் போட்டாள், அதை நான் பார்த்தேன்.

"அண்ணே?" என்றாள்.

"யாருடி அண்ணன்? எங்கண்ணனா? அவர் எப்ப வந்தார்?" என்று உங்கள் தங்கச்சி வாசலைப் பார்த்தாள். நீங்களும் இதில் கூட்டோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம். பிள்ளை எழுந்து கை கழுவி, உள்ளே போய் டேப்லெட்டை எடுத்துவந்து, வயரை ஒழுங்காகச் சுற்றி, குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அவள் நாலரைக்கு வந்து பாடம் படிக்கிறாள். செருப்பு இரண்டும் ஜோடியாக இருக்கிறது. வசனம் கேட்டால் சொல்கிறாள், குட்டி வசனம் இல்லை, நல்ல நீளமானது. என்னிடம் "ம்", "சரி", இரண்டே சொல். உங்கள் தங்கச்சி இதைத்தான் ஜெபத்தின் பலன் என்று உங்களுக்குச் சொன்னாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என்னைத் திட்டினாள், அப்புறம், "எப்படியோ விட்டுட்டாள்ல" என்றாள். விட்டுவிட்டாள்தான். ஆனால் நான் ஜெயிக்கவில்லை மச்சான். அவளுக்கென்று இருந்த ஒரே இடத்தில் நான் திருட்டுத்தனமாக நுழைந்தேன், அவள் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். இதைச் சாட்சி என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டு, நாலு சபையில் வாசிக்கவும் விட்டால், அதை அவளும் வாசிப்பாளே.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் உள்ளே போய்ப் பார்த்தேன். பாலத்தடியில் கதவு சாத்தியிருந்தது. மேலே ஒரு பலகை: "கடை இல்லை. கடன் வைத்தவர்கள் மனசாட்சிப்படி நடக்கவும்." அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. காட்டிலிருந்து சுமையோடு இரண்டு பேர் வந்து, "முதலாளி எங்க சிங்கக்குட்டி?" என்று கேட்டார்கள். "ஊருக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க" என்றேன். அவர்கள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். விளையாட்டில் நின்றால் கால் வலிக்காது என்று நினைத்தேன். வலிக்கிறது.

ஆகையால் கேட்டுக்கொள்வது: சாட்சியை எதிர்பார்க்க வேண்டாம். அந்த இரண்டு பக்கத்துக்குக் கூரைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் பிள்ளைக்குப் புத்தி சொல்ல இங்கே வருவதாக இருந்தீர்கள், தயவுசெய்து வர வேண்டாம், இந்த வீட்டில் புத்தி ஏற்கெனவே அதிகம். அந்த விளையாட்டை என் போனிலிருந்து நேற்றே அழித்துவிட்டேன், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் தங்கச்சியிடம் கேட்டேன். உங்களிடமும் இதோ கேட்கிறேன். உலகத்திலுள்ள பல் டாக்டர்களிடம் மட்டும் பாக்கி. இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துப்போடவும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கும் சபைக் கூரைக்கும் கர்த்தர் நல்ல பலம் தருவாராக. எங்களுக்காக ஜெபியுங்கள், சத்தமில்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டது எதுவும் இனி செல்லாது. கடிதத்தை ஒட்டாமல் குளிர்பெட்டியின் மேல், டேப்லெட் மீது, மறந்து வைத்துவிட்டேன் என்று எழுத ஆரம்பித்தேன். பொய் போதும். வேண்டுமென்றேதான் வைத்தேன். தண்ணீர் எடுக்க வந்தவள் பார்த்தாள், எடுத்துக்கொண்டுபோய் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. அம்மாகிட்ட கேட்டீங்க. மாமாகிட்ட கேட்டீங்க. பல் டாக்டருங்ககிட்டகூட பாக்கின்னு எழுதி வெச்சிருக்கீங்க. என்கிட்ட?"

இத்தனை பக்கத்தில் அது இல்லை மச்சான். நானே திரும்ப வாசித்துப் பார்த்தேன், இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து கேட்டேன். "தப்புப் பண்ணிட்டேன்மா. உன் கடைக்குள்ள பொய் சொல்லிட்டு வந்துட்டேன். மன்னிச்சிரு." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று, மொத்தமாகச் சரக்கு எடுக்க வந்தவள் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து ஒரு நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "பேசலாமா?"

ஒன்றரை மணி நேரம் பேசினோம். உங்கள் தங்கச்சி இரண்டு தடவை டீ கொண்டுவந்தாள். பேசி முடிந்த நிபந்தனைகள் இவை. விளையாட்டு நாளைக்கு ஒரு மணி நேரம், சாப்பாட்டு மேஜையில், எல்லார் கண்ணெதிரேயும். அங்கே பேசுவது எங்களுக்கு முகம் தெரிந்த ஆளோடு மட்டும். அழித்ததை நான் திரும்ப ஏற்ற வேண்டும், அப்பா என்ற பெயரிலேயே வர வேண்டும், அவள் கடையில் சுமை தூக்க வேண்டும், கூலி நாளைக்கு மூன்று கட்டு மரம். பாடகர் குழுவைப் பற்றி அவளாக எடுக்கும்வரை யாரும் எடுக்கக் கூடாது, ஜெபத்திலும் கூடாது. "மனசுக்குள்ள பண்ணிக்கலாமா?" என்று உங்கள் தங்கச்சி கேட்டாள். மனசுக்குள் பண்ணலாம். நீங்கள் வரலாம், புத்தி மட்டும் கொண்டுவர வேண்டாம். பத்திரிகையில் இதைப் போடலாம், மீட்ட தகப்பன் என்கிற தலைப்பையும் பாடகர் குழு சமாச்சாரத்தையும் எடுத்துவிட்டு.

என் தரப்பில் நான் கேட்டது ஒன்றுதான். நான் கேள்வி கேட்க வேண்டும், அந்த அண்ணனுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் உண்மையாகப் பதில் வர வேண்டும். நாளைக்கு ஐந்து கேட்டேன். சிரித்தாள். மூன்று என்றேன். நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். கடைசியாகப் படிந்தது இதுதான்: நாளைக்கு ஒரு கேள்வி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு, கேட்காமல் விட்டது மறுநாளோடு சேராது, பதில் முடிகிறவரை நான் எழுந்து போகக் கூடாது.